வேட்டுவன் துவக்கும் கொல்லாமை அறமும்

கொல்லாமையும் புலாலுண்ணாமையும் சைவ ஒழுக்கத்தின் அடிப்படை என்பது ஆசிரியர் யாவரும் அறிந்ததொன்று. நம் நாட்டு வழக்கிலே 'சைவம்' என்னும் சொல் சமயத்தை உணர்த்துவதோடு மரக்கறி உணவையும் உணர்த்தி நிற்றலே அதற்குப் போதிய சான்றாம். ஆயினும், கொல்லாமையைக் கற்பிக்கப் புகும் ஆசிரியர் கொலைத் தொழிலைப் பற்றி யாதும் அறியாதவராய் நின்று கற்பித்தல் பெரும்பயன் தருவதன்று. வேட்டையாடுவோர் எல்லாரும் கன்னெஞ்சர் என்றும், அவர் செயலிலே நெறியென்பதொன்று இல்லை என்றும் கூறி முடித்துவிடின், விவேகமுள்ள மாணாக்கன் ஒருவன் எழுந்து, "வேட்டுவரும் நெறி வகுத்துக்கொண்டன்றோ வேட்டையாடுகின்றனர்? நோவு நீளாதவாறு விரைவிற் கொல்லும் துவக்கைத் தெரிந்தெடுப்போன் இரக்கமுடையோன் அல்லனோ?" என்று வினாவுங்கால் விடைகூற மாட்டாது நிற்க நேரிடும். அவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மறுதலைப் பக்கத்தார் கொள்கையை அதன் வலிமை குன்றாதவாறு முன்னர் எடுத்துரைத்து, பின்னர்த் தம் கொள்கையை நிறுவுதல் நம் ஆசாரியர் முறை. சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இருபகுதியாய் அமைந்தமையும் அம்முறை பற்றியே. ஆதலின், இழிந்த வேட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு பழித்தல் எளிது, அது நியாயமன்று. உலகிலே மிகுந்த விதிகளுக்கு உட்பட்டு நடைபெறும் வேட்டை ஒன்றையே எடுத்துக்கொள்வாம். அமெரிக்க நாட்டில் இளவேனிற் காலத்தே நடைபெறும் காட்டு வான்கோழி வேட்டை அத்தகையது.

நம்மூர்களிற் சிலர் வளவுகளில் வளர்க்கும் வான்கோழியின் முன்னோர் வட அமெரிக்காவின் காட்டுப் பறவைகளே. இளவேனிலிலே, அஃதாவது அந்நாட்டில் மார்ச்சு முதல் மே வரையுள்ள மாதங்களிலே, சேவல்கள் புலரும்பொழுதில் மரக்கொம்பிலிருந்து உரத்துக் கூவிப் பேடுகளை அழைக்கும். வேட்டுவன் விடியுமுன்னே காட்டிற் புகுந்து, இலையும் பட்டையும் போன்ற நிறங்கலந்த உடையணிந்து, மரமொன்றிற் சாய்ந்து அசைவற்றிருப்பான். மரப்பெட்டி போன்ற கருவியொன்றினை உரசியோ, வாயினுள் வைத்த மெல்லிய சவ்வினை ஊதியோ பேட்டின் குரலை எழுப்புவான். சிலபோது பேட்டின் பொய்யுருவையும் நிலத்தில் நாட்டுவான். தன் துணை அழைக்கின்றதென்று கருதிய சேவல் வாலிறகை விசிறிபோல் விரித்து, நின்று நின்று அணுகி வரும். குறித்த தொலைவிற்குள் வந்ததும் சுடுவான். இங்ஙனம் அசையாதிருத்தலும் பொறுத்திருத்தலும் எளியவல்ல. பல நாள் இருந்தும் ஒரு பறவையையேனும் காணாது மீள்வோர் உளர்.

இனித் துவக்கைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கேண்மின். வான்கோழியின் உடலைக் கனத்த இறகுகளும் எலும்பும் மூடியிருத்தலின், தலையையும் கழுத்தையுமே குறிவைத்தல் வேண்டும் என்பது அவர் விதி. தலையோ சிறிது, ஓயாது அசைவது. ஆகவே பல சிறு குண்டுகளை ஒருங்கே செலுத்தும் வேட்டைத் துவக்கையே கைக்கொள்வர். அதன் குழலளவைப் 'போர்' என்னும் எண்ணாற் குறிப்பர். ஓர் இறாத்தல் ஈயத்தைச் சமமான 12 உருண்டைகள் ஆக்கினால், அவற்றுள் ஒன்று பொருந்தும் அளவினதாகிய குழல் 12 போர். 20 உருண்டைகள் ஆக்கினால் 20 போர். எனவே எண் பெருகக் குழல் சிறுக்கும். 12 போர் துவக்கு மிகுதியான குண்டுகளைச் செலுத்தும். ஆயின் தோளில் உதைக்கும் விசையும் மிகும். உதைப்புக்கு அஞ்சிக் கண்ணிமைப்போன் குறி தவறுவான். அவனுக்கு 20 போரே ஏற்றது.

குழலின் வாய் சற்றே ஒடுங்கியிருப்பின் குண்டுகள் விரைவிற் பரவாது நெருங்கிச் செல்லும். வான்கோழி வேட்டைக்கு மிக ஒடுங்கிய வாயே வேண்டப்படும். குண்டின் பருமையும் கருதத்தக்கது. 4ஆம் இலக்க ஈயக் குண்டு ஓர் அவுன்சுக்கு ஏறக்குறைய 135 இருக்கும். 6ஆம் இலக்கத்தது ஏறக்குறைய 225 இருக்கும். பெரிய குண்டு ஆழ ஊடுருவும். சிறிய குண்டு அடர்ந்து படும். அண்மைக் காலத்திலே ஈயத்தினும் மிகக் கனத்த தங்ஸ்தன் என்னும் உலோகத்தாலும் குண்டு செய்கின்றனர். துவக்கும் தோட்டாவும் எவையாயினும், காட்டிற் புகுமுன் 40 யார் தொலைவிலே கடதாசி நாட்டிச் சுட்டு, அதில் வரைந்த தலையளவினுள் எத்தனை குண்டு பட்டன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். போதிய குண்டு படாத தொலைவிலே பறவை நிற்பின் சுடாது விடுதல் வேண்டும். இத்தனை ஆராய்ச்சியும் எதன்பொருட்டெனின், காயப்பட்ட பறவை பற்றைக்குள் ஒளித்து, நாட்கணக்கில் நொந்து சாவாதிருத்தற்பொருட்டே என்பர் அவருள் நல்லோர்.

அந்நாட்டுச் சட்டமும் நெறியொன்று வகுத்துள்ளது. பெரும்பாலான மாநிலங்களில் இளவேனில் வேட்டையிலே சேவலையே சுடலாம், பேட்டைச் சுடலாகாது. பேடு முட்டையிட்டு அடைகாக்கும் காலம் அது. ஒரு சேவல் பல பேடுகளைச் சேர்வதாகலின், சேவல்கள் சில குறைந்தவிடத்தும் இனம் பெருகுதல் தடைப்படாது. இவ்விதியைக் காணுமிடத்து நமக்குப் பெரியபுராணம் நினைவுக்கு வருதல் இயல்பு. 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் சுவாமிகள் திண்ணனாரது கன்னி வேட்டையை விரித்துரைக்குமிடத்து, வேடர் யானைக்கன்றுகளைத் தொடர்ந்திலர் என்றும், சிறு குட்டிகளைக் கொன்றிலர் என்றும், கருவுற்றுத் தளர்ந்த பிணைகளை வருத்திலர் என்றும் அருளினர். சட்டங்கள் தோன்றுதற்குப் பன்னூறாண்டு முன்னரே, கொல்லும் கைக்கும் ஓர் எல்லை உண்டென்பதைத் தமிழ்ச் சான்றோர் கண்டிருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வேட்டுவர் கூறும் இன்னொரு நியாயம் மிக வலியது. 1930ஆம் ஆண்டை அடுத்த காலத்திலே காட்டு வான்கோழி அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் முற்றாக அற்றுப்போயிருந்தது. 1937இல் வேட்டைத் துவக்குக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே ஒதுக்கும் சட்டமொன்று அங்கே நிறைவேறிற்று. அப்பணத்தைக்கொண்டு பறவைகளை வலையிற் பிடித்து, இல்லாத இடங்களிற் கொண்டுபோய் விட்டனர். இன்று அவற்றின் தொகை ஏறக்குறைய 60 இலட்சம். "நாங்கள் கொல்வதனாலேயே அவை வாழ்கின்றன; கொல்லாத நீங்கள் அவற்றுக்குச் செய்தது யாது?" என்று அவர் வினாவுகின்றனர். இவ்வினா எள்ளி நகைத்தற்குரியதன்று.

பரபக்கம் இத்துணையே. இனி ஆராய்வாம்.

முதலாவது, விரைவிற் கொல்லுதல் இரக்கமாகுமோ என்பது. தீமையிலே தாரதம்மியம் உண்டு என்பதை நாம் மறுத்தலாகாது. குறிபார்த்து ஒருநொடியிற் கொல்வோனும், கண்ணி வைத்து ஓரிரவு முழுவதும் துடிக்கவிடுவோனும் ஒப்பாகார். வன்னிக் காடுகளிலே மறைவாகக் கட்டப்படும் கட்டுத்துவக்கை நோக்குமின். அதற்குக் கண்ணில்லை, பன்றியோ யானைக்கன்றோ விறகுக்குச் சென்ற மனிதனோ, கயிற்றைத் தடக்கிய எவ்வுயிரையும் சுடும். கட்டியவனோ வீட்டில் உறங்குவான். அதனினும் கடதாசியிற் சுட்டுப் பார்த்து, தொலைவு கண்டு, ஐயம் உண்டாகிய விடத்துச் சுடாது விடுவோன் பன்மடங்கு மேலானவன். இதனை மாணாக்கர்க்கு நாம் தாராளமாகச் சொல்லலாம். எல்லாத் தீமையும் ஒன்றே என்று கற்பிப்பின், சிறிது குறைத்தலால் யாது பயன் என்று எண்ணிப் பிள்ளைகள் முழுதும் கைவிடுவர்.

ஆயினும், தீமை குறைதல் வேறு, நன்மையாதல் வேறு. களவு செய்யப் புகுந்தான் ஒருவன் பாதிப் பொருளை விட்டுச் சென்றான் எனின், முழுவதும் கவர்ந்தவனினும் அவன் குற்றம் சிறிது. ஆயினும் அவனைக் கொடையாளி என்று ஒருவரும் கூறார். அதுபோல, நல்ல துவக்கைத் தெரிந்தெடுத்தல் கொல்லத் துணிந்தவன் செலுத்தவேண்டிய கடன், அறமன்று. கடனைச் செலுத்தினான் என்பதனால் கடன்பட்டமை இல்லையாய்விடாது.

இன்னும் கூர்ந்து நோக்குவாம். அவ்வேட்டுவன் ஈயக் குண்டின் இலக்கத்தை எண்ணுவதும், குழல்வாயை ஒடுக்குவதும் எந்த உண்மையை ஒப்புக்கொண்டு? பறவைக்கு நோவு உண்டு, அந்நோவு பொருட்படுத்தத்தக்கது என்னும் உண்மையை ஒப்புக்கொண்டன்றோ? நோவு பொருட்படுத்தத்தக்கதாயின் வாழ்வும் பொருட்படுத்தத்தக்கதே. குறைந்த நோவு மிகுந்த நோவினும் நன்றெனில், நோவின்மை அவ்விரண்டினும் நன்று. தன் விதியைத் தானே இறுதிவரை பின்பற்றிச் செல்லும் வேட்டுவன், துவக்கைக் கீழே வைக்கும் இடத்திற்கே வந்து சேர்வான். நாம் அவனுக்குப் புறத்தேயிருந்து ஒரு விதியைக் கொணர்ந்து திணிக்கவேண்டுவதில்லை. அவன் கைக்கொண்ட விதியிலே இன்னும் ஓரடி வைக்குமாறு அழைத்தலே போதும்.

"அங்ஙனமாயின் மரக்கறிக்கும் உயிருண்டே" என்று கடாவுவாரும் உளர். உண்டு, தொல்காப்பியரும் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றே வகுத்தனர். யாம் மேற்கூறிய தாரதம்மியமே இதற்கும் விடை. உடம்பெடுத்தோர் முற்றும் தீங்கின்றி வாழ்தல் அரிது. ஆதலின் இயன்றவரை குறைந்த தீங்கைத் தெரிதலே கடன். அரிசியும் பயறும் கிடைக்கும் வீட்டிலிருந்துகொண்டு, ஓரறிவுயிரையும் உண்கின்றேனாதலின் ஐந்தறிவுயிரையும் உண்பேன் என்றல், ஒரு சதம் கடன்பட்டேனாதலின் ஆயிரம் ரூபாவும் கடன்படுவேன் என்றல் போலும்.

இரண்டாவது, வேட்டையின் மானம் என்பது. 1902இல் மிசிசிப்பி மாநிலத்தில் நிகழ்ந்ததொன்றை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அமெரிக்க நாட்டுத் தலைவராயிருந்த தியோடோர் ரூஸ்வெல்ற் கரடி வேட்டைக்குச் சென்றார். உடன்சென்றோர் கரடியொன்றை அடித்து மரத்திற் கட்டி, அவரைச் சுடுமாறு அழைத்தனர். கட்டிய விலங்கைச் சுடுதல் வீரர்க்கு அழகன்று என்று அவர் மறுத்தார். உலகெங்கும் பிள்ளைகள் விளையாடும் கரடிப்பொம்மைக்கு அவர் பெயர் வாய்த்தது இதனாலேயே. கதையை இவ்வளவிலே நிறுத்துவோர் பலர். அவர் மறுத்தபின் அக்கரடியின் நோவைத் தீர்க்குமாறு பணிக்க, பிறர் அதனைக் கொன்றனர் என்பதே எஞ்சிய பகுதி. தலைவருக்கு மானம் நின்றது. கரடிக்கு உயிர் நிற்கவில்லை. வேட்டை நெறி என்பன பல வேட்டுவனது மதிப்பைக் காக்கும் நெறிகளே; அவை விலங்கைக் காக்கும் நெறிகளாதல் சிலபோதே.

மூன்றாவது, பேட்டின் குரலால் அழைத்துக் கொல்லுதல். இது நமக்குப் புதிதன்று. நம் மன்னார்க் கரையோரத்துப் பற்றைநிலங்களிலே கவுதாரி வாழ்கின்றது. இலங்கையின் பிற பகுதிகளிற் பெரும்பாலும் காணப்படாத பறவை அது. தமிழ் நிலத்திலே கூண்டிலடைத்த கவுதாரியைக் கத்தவைத்து, அக்குரல் கேட்டு வரும் கவுதாரியைக் கண்ணியிற் பிடித்தல் நெடுநாள் வழக்கு. இங்ஙனம் இனத்தைக்கொண்டு இனத்தைப் பிடிக்க வைக்கும் விலங்கையும் பறவையையும் பழந்தமிழர் 'பார்வை' என்றனர். பசியால் வருவதைப் பிடித்தலினும், அன்பால் வருவதைப் பிடித்தல் கொடிது என்று நம் உள்ளம் கூறுகின்றது. ஏனெனின், இங்கே உயிரின் நம்பிக்கையே அதற்குக் கூற்றாகின்றது.

ஆயின் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனிலே இந்தப் பார்வையையே உவமையாக எடுத்து, இறைவன் மானுட வடிவில் குருவாக எழுந்தருளி மக்களை ஆட்கொள்ளுதற்கு ஒப்பிட்டனர். மக்களைப் பிடித்தற்கு மக்கள் வடிவே தக்கது என்பது கருத்து. ஓருபாயமே ஒருபாற் கொலைக்கும் ஒருபால் அருளுக்கும் உவமையாதல் எங்ஙனம்? அழைப்பவன் எதன்பொருட்டு அழைக்கின்றான் என்பதிலேயே வேறுபாடு உளது. வேட்டுவன் தன்பொருட்டு அழைக்கின்றான். குரு அழைக்கப்படும் உயிரின்பொருட்டு அழைக்கின்றான். ஆசிரியர்க்கு இது நன்கு பயன்படும் பாடம். நாமும் பிள்ளைகளின் மொழியிற் பேசி, அவர் விளையாட்டையும் கதையையும் கைக்கொண்டு அவரை அழைக்கின்றோம். நம் பெயர் விளங்குதற்பொருட்டு அழைக்கின்றோமோ, அவர் வாழ்வின்பொருட்டு அழைக்கின்றோமோ என்று நம்மை நாமே வினாவிக்கொள்வது நன்று.

நான்காவது, கொல்வோரே காக்கின்றனர் என்னும் வாதம். முன்னர் அவர்க்குரிய புகழை மறையாது கொடுப்பாம். வரையறையின்றிக் கொன்றமையால் வானை மறைத்துப் பறந்த பயணப் புறா என்னும் இனம் முற்றும் அழிந்து, அதன் இறுதிப் பறவை 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 1ஆம் திகதி சின்சினாற்றி நகரத்து விலங்குச்சாலையில் இறந்தது. அவ்வழிவைக் கண்டு, தம் கையைத் தாமே கட்டிக்கொண்ட வேட்டுவர் பாராட்டத்தக்கவரே. எனினும் அவர் காத்தது இனத்தை, உயிரையன்று. சைவ சித்தாந்தத்தின்படி நோவதும் வினைப்பயன் நுகர்வதும் தனித்தனி உயிரே. இனம் என்பது நாம் எண்ணுதற்கு இட்ட பெயர். ஆயிரம் பறவை பிறத்தற்கு உதவினேனாதலின் இப்பறவையைக் கொல்ல எனக்கு உரிமையுண்டு என்றல், அறச்சாலை அமைத்தேனாதலின் அங்குள்ளோருள் ஒருவனை அடிக்க எனக்கு உரிமையுண்டு என்பதையே ஒக்கும்.

ஆயின் "கொல்லாத நீங்கள் செய்தது யாது?" என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. அது நம்மை நோக்கிய வினா. சிவஞான சித்தியாரிலே இதம், அகிதம் என்பன விளக்கப்படுமிடத்து, உயிர்க்கு உறுதியானதைச் செய்தல் இதம் என்றும், அது செய்யாமை அகிதம் என்றும் வகுத்த நுட்பம் ஆழ்ந்து கருதத்தக்கது. தீங்கு செய்யாது வாளாவிருத்தல் மாத்திரம் ஒருவனை அகிதத்தினின்று நீக்கிவிடாது. மரக்கறியே உண்டு, திருநீறு அணிந்து, பொலித்தீன் பையைக் கழிமுகத்தில் எறிந்துவிட்டு வருவோன் துவக்கைத் தொட்டதில்லை. ஆயினும் பறவைகள் அவனால் இறக்கின்றன.

மன்னார்ப் பகுதியாரே இதனை ஏனையோரினும் நன்கு உணரக் கடவர். ஐப்பசி தொடங்கி வடதிசையிலிருந்து வரும் ஊசிவால் வாத்தும் உள்ளானும் பிறவும் நம் கழிகளிலும் சதுப்புகளிலும் கட்டுக்கரைக் குளத்திலும் தங்குகின்றன. பூநாரைக் கூட்டம் வங்காலைப் பக்கத்திலே நிற்கும் காட்சியைக் கண்டோர் மறவார். பங்குனி சித்திரையளவில் இவ்விருந்துகள் மீண்டு செல்லும். ஆங்கிலேயர் ஆட்சியிலே குளங்களில் உள்ளானும் வாத்தும் சுடுதல் உத்தியோகத்தர்க்குப் பொழுதுபோக்காயிருந்தது. 1937இல், அமெரிக்கர் துவக்கு வரியை ஒதுக்கிய அதே ஆண்டில், இலங்கையிலே விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உண்டாயிற்று. வங்காலை 2008இல் சரணாலயமாயிற்று. 2010இல் உலகின் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாக ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சேர்க்கப்பட்டது. கொன்று காத்தல் ஒரு வழி. கொல்லாது காத்தல் மற்றொரு வழி. இரண்டாவதை நம் நாடு தெரிந்துகொண்டது. அத்தெரிவு கடதாசியில் நின்றுவிடாது நடைமுறையில் நிற்றற்குக் காவலாளர் மாத்திரம் போதார். கரையில் வாழும் நாம் வேண்டும்.

இளவேனிலிற் பறவை கொல்லுதல் பற்றி மால்ற்றாத் தீவார் 2015 ஏப்ரல் மாதத்திலே வாக்கெடுப்பு நடத்தினர். ஆபிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் குஞ்சு பொரிக்கச் செல்லும் புறாவையும் காடையையும் வழியிற் சுடலாமோ என்பதே வினா. சுடலாம் என்போர் நூற்றுக்கு ஒரு வீதத்தினும் குறைந்த வாக்கு வேறுபாட்டினால் வென்றனர். வாக்களித்தோருள் ஏறக்குறையப் பாதியினர் சுடலாகாது என்று கூறியமையும் நோக்கத்தக்கது. பருவம் முழுவதும் பசியையும் பகையையும் தப்பி, இனம்பெருக்கச் செல்லும் பறவையை வீட்டு வாயிலிலே மறித்துக் கொல்லுதல் தகாது என்னும் உணர்ச்சி ஒரு சமயத்தார்க்கோ ஒரு நாட்டார்க்கோ உரியதன்று என்பது இதனால் விளங்கும். யாம் பாதிரிமார் நிறுவிய பள்ளியிற் பயின்ற காலத்து, விலங்குகள் மனிதன் ஆளுதற்கெனவே படைக்கப்பட்டன என்று கேட்டதுண்டு. சிறு குருவி வீழ்வதையும் ஆண்டவன் அறிவான் என்னும் விவிலியக் கருத்தையும் அங்கேயே கேட்டதுண்டு. எல்லாச் சமயத்தாரிடத்தும் இரக்கத்தின் ஊற்று உளது; தோண்டுவோரே வேண்டும்.

துவக்கு நீங்கிய பின்னும் குண்டு கொல்லும் என்பதையும் ஈண்டுச் சொல்லவேண்டும். குளத்தில் வீழ்ந்த ஈயக் குண்டைக் கூழாங்கல்லென்று கருதி வாத்துகள் விழுங்கும். அது இரைப்பையில் அரைபட்டு நஞ்சாய் மெல்ல மெல்லக் கொல்லும். இதனாலேயே 1991 முதல் அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு விலக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தார் 2023இல் ஈரநிலங்களிலே விலக்கினர். செய்தவன் மறந்த பின்னும் செயல் நின்று பயன் தரும் என்னும் கன்மக் கொள்கைக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வகுப்பறைக்குக் கிடைப்பதரிது.

இனிக் கண்ணப்ப நாயனாரைப் பற்றிய ஐயம். வேட்டையாடி ஊன் படைத்தவர் நாயனாராயினாரன்றோ என்று மாணாக்கர் வினாவுவர். காளத்தியிலே திண்ணனார் அருள்பெற்றது வேட்டையாலன்று. தன்னை மறந்த அன்பினால். இறைவனைக் கண்டபின் அவர் தம் பசியை மறந்தனர், துயிலையும் மறந்தனர், இறுதியிலே தம் கண்ணையே இடந்து அப்பினர். பிறவுயிரின் ஊனைக் கொடுத்த கை, தன் ஊனைக் கொடுக்கும் கையாக மாறிய வரலாறே அது. அன்பின் போக்கு எத்திசையது என்பதை அச்சரித்திரம் காட்டுகின்றதன்றி, வேட்டைக்கு இசைவு அளிக்கின்றதன்று. அன்றியும், வேடர் குலத்தாரை இழிவென்று ஒதுக்கும் நாவுக்கு அச்சரித்திரமே தக்க பூட்டாம்.

இறுதியாகக் கூறுவதே யாம் முக்கியமாகக் கருதுவது. யாம் வாழும் உப்புக்குளத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கடற்றொழிலே பலர்க்குச் சீவனம். நம் வகுப்பிலிருக்கும் பிள்ளையின் புத்தகமும் சட்டையும் தந்தை வலைவீசிப் பெற்ற பணத்தால் வாங்கியனவாயிருக்கலாம். அப்பிள்ளையின் முன்னின்று, உயிர்க்கொலை செய்வோர் கீழோர் என்று முழங்குதல் கொல்லாமையன்று. அதுவும் ஒரு சுடுதலே. அது பறவையை விட்டுப் பிள்ளையின் உள்ளத்தைக் குறிவைக்கின்றது. திருவள்ளுவர் புலால் மறுத்தலை ஓரதிகாரமாகவும் கொல்லாமையை வேறோரதிகாரமாகவும் வைத்தமையால், கொல்வோன்மேற் பழியைச் சுமத்திவிட்டு உண்போன் நீங்குதற்கு இடமில்லை. வறுமையால் கொல்வோன், விளையாட்டுக்குக் கொல்வோன், விலை கொடுத்துக் கொல்விப்போன் என்னும் மூவருள் முதல்வனையே நாம் பெரும்பாலும் கடிந்துகொள்கின்றோம். அவனே மூவருள்ளும் குற்றம் குறைந்தவன். அன்றியும், 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரினால் துவக்கு என்னும் சொல்லைக் கேட்டவளவிலே மனம் நடுங்கும் குடும்பங்கள் நம்மிடையே உள. அவர்க்குக் கொல்லாமை உணவுவிதி மாத்திரமன்று, வாழ்வின் வேண்டுகோள்.

ஆகவே ஆசிரியர்கள் கொல்லாமையை ஏச்சாகக் கற்பியாது காட்சியாகக் கற்பிப்பாராக. மார்கழிக்கும் மாசிக்கும் இடையே ஒருநாட் காலையிலே மாணாக்கரை வங்காலைக் கரைக்கு அழைத்துச் செல்க. கையிற் கொப்பியும் பென்சிலும் கொடுக்க. எத்தனை வகைப் பறவை, எவை எதனை உண்கின்றன, எவை கூட்டமாய் நிற்கின்றன என்று எழுதச் சொல்க. வான்கோழி வேட்டுவனிடத்தே நாம் கற்கவேண்டுவதும் ஒன்று உண்டு: விடியுமுன் எழுதலும், அசையாதிருத்தலும், பறவையின் குரலையும் நடையையும் நுணுகி அறிதலும். அவன் அறிவை ஏற்றுக்கொண்டு, அவன் துவக்கை விட்டுவிடுவோம். 'பார்வை' என்னும் சொல் வேட்டுவன் வைக்கும் விலங்குக்கும் பெயர். கண்ணால் நோக்குதலுக்கும் பெயர். அவ்விரண்டனுள் பின்னதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பின், முன்னதை அவர் தாமே கைவிடுவர். நெடுநேரம் உற்றுநோக்கிய உயிரைக் கொல்லுதல் எவர்க்கும் எளிதன்று.

உயிர்கள் யாவும் நோவின்றி வாழ்க.

திருச்சிற்றம்பலம்.